கவசமா, பீரங்கியா, கப்பலின் அளவா: 1941இன் இலகுரகக் குரூசர் ஒன்றை மறுபடி வரைந்தால்

போர்க்கப்பல்களைத் தாளில் வடிவமைத்துப் பார்க்கும் பழக்கமுள்ள வாசகர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால இலகுரகக் குரூசர் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) ஒன்றை எடுத்துக்கொண்டு, கவசத்தைத் தடிப்பாக்கி, விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் கூட்டுகிறார்கள். கணக்கு முடிவதற்குள் எடை ஆயிரம் டன் ஏறி, வேகம் இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல் மைல்) இறங்கி, கப்பலும் தலைகனத்துப் போகிறது. எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குவது என்பதே அவர்களுடைய கேள்வி. பொத்தாம்பொதுவாக இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், உண்மையான ஒரு கப்பல் வகையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதை மேம்படுத்த இருந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

அடிப்படையாக நான் எடுத்துக்கொள்வது பிரிட்டிஷ் கடற்படையின் ஃபிஜி வகை. இந்தியக் கடற்படை 1957இல் சேர்த்துக்கொண்ட ஐ.என்.எஸ். மைசூர் இந்த வகையைச் சேர்ந்த 'நைஜீரியா' தான். இலங்கையின் பெயர் தாங்கிய 'சிலோன்' இதே வகையின் திருத்திய உட்பிரிவில் வந்தது. 1936ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கை விதித்த 8,000 டன் வரம்புக்குள் அடங்கும்படி வரையப்பட்ட இக்கப்பலில், மூன்று மூன்றாக நான்கு கோபுரங்களில் (சுழலும் கவசக் கூடுகளில்) குழல் விட்டம் 6 அங்குலமுள்ள பன்னிரண்டு பீரங்கிகளும், இரட்டை இரட்டையாக எட்டு 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளும், சுமார் மூன்றரை அங்குலப் பக்கக் கவசமும், மேலிருந்து விழும் குண்டுகளைத் தடுக்கும் 2 அங்குலத் தளக் கவசமும் இருந்தன. காகிதத்தில் குறை சொல்ல முடியாத கப்பல். ஆனால் 1941இல் மத்தியதரைக் கடலில் விமானங்கள் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழியையும் எடைபோடுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

எதனால் மூழ்குகிறது? 1941 மே 22 அன்று கிரீட் தீவுக்கு அருகே ஃபிஜி கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இருபது வான் தாக்குதல்கள் வரை தாங்கி நின்றது. விமான எதிர்ப்புக் குண்டுகள் தீர்ந்து, பயிற்சிக்கான குண்டுகளைச் சுடும் நிலைக்கு அது வந்த பிறகுதான், தனியாக வந்த ஒரு போர் விமானம் போட்ட குண்டு கப்பலின் ஓரத்தில் வெடித்து கப்பலுக்குள் கடலைத் திறந்துவிட்டது. அடுத்து வந்த விமானத்தின் குண்டுகளோடு கப்பல் கவிழ்ந்தது. அதே நாளில், அதே கடலில், குண்டுகள் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருந்த 'க்ளாஸ்டர்' 700க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. இந்த நிகழ்ச்சியில் கவசத்தின் தடிப்பைவிட வெடிமருந்துக் கிடங்கின் கொள்ளளவே பெரிய பாத்திரம் என்பதை வடிவமைப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

எடை எவ்வளவு, எந்த உயரத்தில்? ஓர் அங்குலத் தடிப்புள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கவசம் மூட வேண்டிய நீளம் 120 மீட்டர், சராசரி அகலம் 17 மீட்டர் என்று கொண்டால் தளத்தின் பரப்பு சுமார் 2,000 சதுர மீட்டர். ஆகவே தளக் கவசத்தில் கூட்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 400 டன் போகிறது. பக்கக் கவசத்தை 4 மீட்டர் உயரத்துக்கு இருபுறமும் ஓர் அங்குலம் கூட்டினால் அதில் பாதிக்கும் குறைவாக, 190 டன் அளவில் முடியும். எடை ஒருபுறம் இருக்க, அது நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே உட்காருகிறது என்பதே கப்பல் கவிழுமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரு பக்கமாக எத்தனை பீரங்கிகள் வானை நோக்கும்? பட்டியல்களில் காணும் மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். ஃபிஜியின் எட்டு 4 அங்குலப் பீரங்கிகளில் நான்கு இடப்புறம், நான்கு வலப்புறம். ஒரு திசையிலிருந்து வரும் விமானத்தைச் சந்திப்பவை நான்கே.

எப்போது கடலில் இறங்கும், எத்தனை பேர் வேண்டும்? போர்க்காலத்தில் மூன்றாண்டு தாமதம் என்பது கப்பலே இல்லாததற்குச் சமம்.

## ஒரே பார்வையில்

கடைசி நெடுவரிசை என் சொந்தக் கணக்கு: ஒரு பக்கமாகச் சுடக்கூடிய பீரங்கிகளின் எண்ணிக்கை, குண்டின் எடை, நடைமுறையில் எதிர்பார்க்கத்தக்க சுடும் வேகம் ஆகியவற்றின் பெருக்கல். 4 அங்குலத்துக்கும் அமெரிக்க 5 அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 15, பிரிட்டிஷ் 5.25 அங்குலத்துக்கு 7, அமெரிக்கக் குரூசர் வூஸ்டரின் 6 அங்குலத்துக்கு 12 என்று கொண்டிருக்கிறேன். சிறு பீரங்கிகள் இதில் சேரவில்லை. இருபயன் என்றால் கப்பலையும் விமானத்தையும் சுடக்கூடியது.

| வழி | முன்மாதிரி | நிலையான எடை (எரிபொருள் நீங்கலாக, டன்) | கப்பல்களுக்கு எதிராக | வானை நோக்கி, ஒரு பக்கமாக | நிமிடத்துக்குக் கிலோ |
|---|---|---|---|---|---|
| அடிப்படை | ஃபிஜி | 8,000 | 12 × 6 அங்குலம் | 4 × 4 அங்குலம் | 960 |
| தளத்தைத் தடிப்பாக்குதல் | ஃபிஜி, 3 அங்குலத் தளம் | 8,400க்கு மேல் | 12 × 6 | 4 × 4 | 960 |
| ஒரு கோபுரத்தை நீக்குதல் | ஸ்விஃப்ட்ஷர் | 8,800 | 9 × 6 | 6 × 4 | 1,440 |
| சிறிய இருபயன் குரூசர் | டைடோ | 5,600 | 10 × 5.25 | 10 × 5.25 | 2,520 |
| சிறிய இருபயன் குரூசர் | அட்லாண்டா | 6,700 | 14 × 5 | 14 × 5 | 5,250 |
| பெரிய உடல் | க்ளீவ்லாண்ட் | 11,700 | 12 × 6 | 8 × 5 | 3,000 |
| பெரிய இருபயன் குரூசர் | வூஸ்டர் | 14,700 | 12 × 6 | 12 × 6 | 6,850 |

அட்டவணையை மட்டும் பார்த்தால் அட்லாண்டாவே பதில் என்று தோன்றும். அது ஏன் பதில் இல்லை என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

## முதல் வழி: தளக் கவசத்தைத் தடிப்பாக்குதல்

வாசகர்களில் பெரும்பாலோர் தொடங்கும் இடம் இது. இங்கேதான் மிகுதியான எடை வீணாகிறது என்பது என் கருத்து.

இரண்டு அங்குலத்தை மூன்றாக்கினால் 400 டன். நீர்மட்டத்துக்குச் சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் அந்த எடை பரந்து கிடக்கும்; அதன் தலைகனத்தை ஈடுகட்ட, ஒன்பது மீட்டர் உயரத்தில் நிற்கும் 15 டன் எடையுள்ள இரட்டை 4 அங்குலப் பீரங்கித் தொகுதிகள் ஏழை இறக்க வேண்டும் என்று தோராயமாகச் சொல்லலாம். கப்பலில் இருப்பவையோ நான்கு தொகுதிகள். ஆகவே தளத்தைத் தடிப்பாக்கும்போது கப்பலின் அகலத்தையும் கூட்டியாக வேண்டும். அகலம் கூடினால் அதே தளத்தின் பரப்பும் கூடும். கவசத்தின் எடை மறுபடி ஏறும்.

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? தாழப் பாய்ந்து விமானம் போடும் 250 கிலோ சாதாரணக் குண்டு உள்ளே நுழைவதை மூன்று அங்குலத் தளம் பெரும்பாலும் தடுக்கலாம். அதற்கு மேற்பட்ட எதற்கும் உத்தரவாதம் இல்லை. 1943 செப்டம்பரில் சலேர்னோவுக்கு அருகே ஜெர்மானியர் ஏவிய, வானொலியால் வழிநடத்தப்பட்ட ஏறத்தாழ 1,400 கிலோ குண்டு, 'உகாண்டா' குரூசரின் தளங்கள் அத்தனையையும் துளைத்துக்கொண்டு அடிப்புறம் வழியாக வெளியேறிக் கப்பலுக்குக் கீழே வெடித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அமெரிக்கக் குரூசர் 'சவானா' அதே வகைக் குண்டைப் பீரங்கிக் கோபுரத்தின் கூரையில் வாங்கி 197 பேரை இழந்தது. மூன்று அங்குலமல்ல, ஐந்து அங்குலம் போட்டாலும் இந்தக் குண்டுக்குப் போதாது. மறுபுறம், கப்பலின் ஓரத்தில் கடலில் விழுந்து வெடிக்கும் குண்டுக்கும், நீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோவுக்கும் தளக் கவசம் ஒரு பொருட்டே இல்லை.

தடிப்பாக்குவது நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: வெடிமருந்துக் கிடங்குகளின் மேல்மட்டும். பரப்பு சிறியது என்பதால் கூடுதல் எடை நூறு டன்னுக்குள் அடங்கும். அங்கே விழும் ஒரு குண்டு கப்பலையே கொண்டுபோய்விடும் என்பதால் அந்தச் செலவு தகும். டைடோ வகையினர் தளம் முழுவதற்கும் ஓர் அங்குலம் கொடுத்துவிட்டுக் கிடங்குகளுக்கு மட்டும் இரண்டு கொடுத்தது இந்தக் கணக்கில்தான்.

## இரண்டாம் வழி: ஒரு கோபுரத்தை நீக்குதல்

பிரிட்டிஷார் உண்மையில் தேர்ந்தெடுத்த வழி இது. உகாண்டா, நியூஃபவுண்ட்லாண்ட், சிலோன் ஆகிய மூன்றும் பின்புறத்தின் மேல்நிலைக் கோபுரம் இல்லாமலேயே கட்டப்பட்டன. பின்னர் வந்த ஸ்விஃப்ட்ஷரில் 4 அங்குலத் தொகுதிகள் ஐந்தாயின. மைசூர் இந்தியாவுக்கு வந்தபோது அதிலும் ஒன்பது 6 அங்குலப் பீரங்கிகளே எஞ்சியிருந்தன.

மூன்று பீரங்கிகள் கொண்ட முக்கோபுரம் ஒன்றின் எடை 150 டன்னுக்குக் குறையாது. அது நிற்கும் உயரமும் அதிகம். அதை எடுத்தால் கிடைக்கும் இடத்திலும் எடையிலும் நான்கு குழல் அல்லது எட்டுக் குழல் சிறு பீரங்கித் தொகுதிகளையும் ராடாரையும் வைக்கலாம். ஆனால் என் கண்ணுக்கு இதைவிடப் பெரிய ஆதாயம் கீழே இருக்கிறது: கோபுரத்துக்கு அடியிலிருந்த கிடங்கு காலியாகிறது.

இந்த ஒரு கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பீரங்கி ஒன்றுக்கு 200 குண்டுகள் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 15 வீதம் சுடும்போது அவை 13 நிமிடத்தில் தீர்ந்துவிடும். விட்டுவிட்டுச் சுட்டாலும் நாள் முழுதும் நடக்கும் தாக்குதலில் மாலை வரை தாங்காது. உறையோடு சேர்த்து ஒரு 4 அங்குலக் குண்டு ஏறத்தாழ 29 கிலோ. பத்துப் பீரங்கிகளுக்கும் தலா 100 குண்டுகள் கூடுதலாக வைத்தால் மொத்தம் 29 டன். அதுவும் கப்பலின் அடிப்பகுதியில் அமர்வதால் நிலைத்தன்மைக்கு உதவவே செய்யும். தளத்தின் ஓர் அங்குலத்துக்குக் கொடுத்த 400 டன்னில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்குக்கு, போரிடும் நேரத்தைப் பாதி மடங்கு நீட்டிவிடலாம். கிரீட் கடலில் ஃபிஜிக்கு இல்லாமல் போனது இதுதான்.

மறைசெலவுகள் இல்லாமல் இல்லை. பிற கப்பல்களுக்கு எதிரான சுடுதிறனில் கால் பங்கு போகிறது. எதிரி கப்பலின் பின்பக்கத்திலிருந்து துரத்தினால் பதில் சொல்ல ஒரே கோபுரம்தான் இருக்கும். காலியான இடத்தில் வைக்கும் சிறு பீரங்கிகளின் வீரர்கள் திறந்த வெளியில் நிற்பதால், அருகிலுள்ள கோபுரம் சுடும்போது எழும் வெடியதிர்ச்சி அவர்களை வாட்டும். நான்கு குழல் போஃபர்ஸ் (40 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி) தொகுதி ஒன்றை இயக்கவே பதினொரு பேர் வேண்டும். அவர்கள் படுக்கவும் சாப்பிடவும் இடம் கண்டாக வேண்டும். போர்க்காலத்தில் ஏற்கெனவே 900 பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்ந்த கப்பல் இது.

கட்டுமானத் தளத்தில் பாதி முடிந்து நிற்கும் கப்பலுக்கும், புதிய கோபுர வடிவத்துக்குக் காத்திருக்க நேரமில்லாத கடற்படைக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

## மூன்றாம் வழி: சிறிய இருபயன் குரூசர்

எல்லாப் பீரங்கிகளும் கப்பலையும் சுட வேண்டும், விமானத்தையும் சுட வேண்டும் என்பது இதன் கொள்கை. பிரிட்டனின் டைடோவும் அமெரிக்காவின் அட்லாண்டாவும் இதன் இரு முகங்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 36 கிலோ குண்டைச் சுடும் 5.25 அங்குலப் பீரங்கி கப்பல்களுக்கு எதிராகத் தகுந்தது; விமானத்துக்கு எதிராகவோ அதன் கோபுரம் திரும்பும் வேகமும் குண்டேற்றும் வேகமும் போதவில்லை. அமெரிக்க 5 அங்குலம் 25 கிலோ குண்டை இரு மடங்கு வேகத்தில் சுட்டது. 85 பாகை வரை நிமிர்ந்தது. இலக்குக்கு அருகே வந்ததும் தானாகவே வெடிக்கும் ரேடியோ திரி முதன்முதலாகப் போரில் விமானத்தை வீழ்த்தியதும், 1943 ஜனவரியில் அமெரிக்கக் குரூசர் 'ஹெலினா'வின் 5 அங்குலப் பீரங்கியிலிருந்துதான். 40 மி.மீ. குண்டுக்குள் அந்தத் திரிக்கு அப்போது இடமே இல்லை. ஆகவே 1943க்குப் பிறகான கற்பனைக் கப்பல் என்றால், நடுத்தரப் பீரங்கிகளின் மதிப்பு அட்டவணை காட்டுவதைவிடப் பல மடங்கு கூடிவிடும்.

இந்த வகையின் பலவீனத்தை அதன் இழப்புகளே சொல்கின்றன. டைடோ வகையின் 'பொனவெஞ்சர்' 1941 மார்ச்சில், 'நையாட்' 1942 மார்ச்சில், 'ஹெர்மயனி' 1942 ஜூனில் மூழ்கின. மூன்றையும் கொன்றவை நீர்மூழ்கிக் கப்பல்களின் டார்பிடோக்கள். 'கரிப்டிஸ்' 1943 அக்டோபரில் டார்பிடோப் படகுகளுக்குப் பலியானது. வானத்தைப் பார்க்க வடிவமைத்த கப்பல்களைக் கடல் கீழிருந்து வாங்கியது. அட்லாண்டாவும் 'ஜூனோ'வும் 1942 நவம்பர் 13 அன்று குவாடல்கனாலில் மிக நெருக்கமான இரவுச் சண்டையில் சிக்கின. அதில் ஏற்கெனவே அடிபட்டிருந்த ஜூனோ, சில மணி நேரத்துக்குப் பின் நீர்மூழ்கியின் ஒரு டார்பிடோவில் வெடித்துச் சிதறியது. 6,000 டன் உடலுக்குள் நீர் புகாத அறைகளை எத்தனை பிரித்தாலும், ஒரு டார்பிடோ திறக்கும் நீளம் கப்பலின் நீளத்தில் பெரும் பங்காகவே இருக்கும்.

வழங்கலும் மறைசெலவே. 5.25 அங்குலக் கோபுரங்கள் போதாமல் போனதால்தான் டைடோ வகையின் 'சில்லா'வும் கரிப்டிஸும் 4.5 அங்குலப் பீரங்கிகளோடு கடலுக்குப் போயின.

இருந்தும் இந்த வகை வெல்லும் இடங்கள் உண்டு. விமானந்தாங்கிக் கப்பலின் பக்கத்திலேயே நகர்வது, மேற்பரப்பு எதிரியை வேறு பெரிய கப்பல்கள் கவனித்துக்கொள்வது என்ற நிலையில் அட்லாண்டாவுக்கு ஈடில்லை. குறுகிய கடலில் டைடோக்களும் தங்களால் முடிந்ததைக் காட்டின: 1942 மார்ச் 22 அன்று சிர்ட் வளைகுடாவில் பிரிட்டிஷ் அட்மிரல் வியானின் இலகுரகக் குரூசர்கள் புகைத்திரையையும் டார்பிடோ மிரட்டலையும் கொண்டு, 15 அங்குலப் பீரங்கிகளுள்ள இத்தாலியப் போர்க்கப்பல் 'லிட்டோரியோ'வைத் தள்ளியே நிறுத்தின. அப்படிக் காத்த சரக்குக் கப்பல்களை அடுத்த சில நாட்களில் விமானங்கள் அழித்தன.

## நான்காம் வழி: பெரிய உடல்

'எடை வரம்பை மறந்துவிடுங்கள்' என்பது க்ளீவ்லாண்டின் பதில். போர் தொடங்கியதும் உடன்படிக்கை செத்துவிட்டதால், அமெரிக்கர் ஃபிஜியில் இருந்த அளவுக்கே பன்னிரண்டு 6 அங்குலப் பீரங்கிகளை வைத்து, பன்னிரண்டு 5 அங்குலங்களையும் சேர்த்தனர். குரூசர்களாக 27 கப்பல்கள் சேவைக்கு வந்தன. போரில் ஒன்றுகூட மூழ்கவில்லை.

பெரிய உடலே கவசம் என்பதற்கு க்ளீவ்லாண்ட் வகையின் 'ஹூஸ்டன்' சாட்சி. 1944 அக்டோபரில் தைவானுக்கு அருகே இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு வான்வழி டார்பிடோக்களை வாங்கி, 6,000 டன்னுக்கு மேல் கடல்நீரைச் சுமந்தபடியே அது துறைமுகம் சேர்ந்தது. அதன் தளக் கவசமும் ஃபிஜியைப் போல இரண்டு அங்குலம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் க்ளீவ்லாண்டும் தலைகனத்திலிருந்து தப்பவில்லை. சிறு பீரங்கிகளும் ராடாரும் ஏற ஏற நிலைத்தன்மை அஞ்சத்தக்க அளவுக்குக் குறைந்தது. 1,200 பேருக்கு மேற்பட்ட மாலுமிகள், பெரிய உலர்துறைகள், ஒரு லட்சம் குதிரைத்திறன் எஞ்சின்கள் என்று எல்லாமே அமெரிக்கத் தொழிற்சாலைகளின் அளவுக்கு ஏற்றவை. 1941இன் பிரிட்டனுக்கு இதே வழியைக் காகிதத்தில் எழுதுபவர், அதற்காக எத்தனை காவல் கப்பல்களைக் கைவிடுகிறோம் என்றும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

## ஐந்தாம் வழி: 6 அங்குலமே வானையும் நோக்குதல்

இதைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளலாம். வூஸ்டரும் ரோனோக்கும் 1948–49இல் சேவைக்கு வந்தன. ஏறத்தாழ பத்தாண்டில் ஓய்வு பெற்றன. 1941இல் கட்டத் தொடங்கிய பிரிட்டனின் 'டைகர்', இதே எண்ணத்தில் திருத்தப்பட்டு 1959இல்தான் சேவைக்கு வந்தது. நான்கே 6 அங்குலப் பீரங்கிகளோடு. போர் முடிந்து ஏவுகணைகளும் வந்துவிட்ட காலம் அது. 1941இன் கேள்விக்கு இது விடையாகாது.

## நான் வரையும் கப்பல்

இரண்டாம் வழியை அடிப்படையாகக் கொண்டு, ஃபிஜியின் 62 அடி அகலத்தை 64 அடியாக்குவேன். மூன்று முக்கோபுரங்களில் ஒன்பது 6 அங்குலம். நடுக்கோட்டில் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு என ஐந்து இரட்டை 4 அங்குலத் தொகுதிகள். குண்டிருப்பைப் பாதி மடங்கு கூட்டுவேன். பக்கக் கவசம் அப்படியே. தளக் கவசம் கிடங்குகளின் மேல்மட்டும் மூன்று அங்குலம். கொதிகலன் அறையும் எஞ்சின் அறையும் மாறி மாறி வருவதைத் தொட மாட்டேன். ஒரே அடியில் கப்பல் அசைவற்றுப் போகாமலிருக்க அதைவிட மலிவான காப்பு இல்லை.

கண்காணிப்பு விமானங்கள் இரண்டையும், அவற்றின் கொட்டகை, ஏவுபொறி, பாரந்தூக்கி, பெட்ரோல் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தைக் குறிபார்க்கும் கருவிகளுக்கும் சிறு பீரங்கிகளுக்கும் கொடுப்பேன். பீரங்கித் தொகுதி ஒன்றைக் கூட்டுவதைவிட, இருக்கும் தொகுதிகளைத் தனித்தனியே இரண்டு திசைகளுக்குத் திருப்பிவிடக்கூடிய இன்னொரு குறிநோக்கு நிலையம் அதிகப் பயன் தரும். ஒரே நேரத்தில் மூன்று பக்கங்களிலிருந்து பாயும் விமானங்களுக்கு ஒற்றைக் கருவி விடைசொல்ல முடியாது. 1942 ஏப்ரல் 5 அன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியப் பாய்குண்டு விமானங்கள் 'டோர்செட்ஷர்', 'கார்ன்வால்' என்ற இரு கனரகக் குரூசர்களைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன.

அமெரிக்க 5 அங்குலத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். எடுக்கவே ஆசை. பழைய பிரிட்டிஷ் குரூசர் 'டெல்லி' 1941இல் நியூயார்க் கடற்படைத் தளத்தில் ஐந்து ஒற்றை 5 அங்குலப் பீரங்கிகளையும் அமெரிக்கக் குறிநோக்குக் கருவிகளையும் பெற்றுக்கொண்டு வந்தது. அந்த ஏற்பாடு நன்றாகவே அமைந்தது. ஆனால் அமெரிக்கர் தங்கள் கப்பல்களுக்கே அவற்றைத் தேடிய நேரம் என்பதால் டெல்லிக்குப் பின் இன்னொரு கப்பலுக்கு அவ்வாறு கிடைக்கவில்லை. உங்கள் கற்பனையில் அமெரிக்க வழங்கல் தாராளம் என்றால், 4 அங்குலத் தொகுதிகள் ஐந்துக்குப் பதிலாக இரட்டை 5 அங்குலத் தொகுதிகள் மூன்றை நடுக்கோட்டை ஒட்டி வையுங்கள். தொகுதி கனமானது என்பதால் நான்காவதற்கு ஆசைப்பட வேண்டாம்.

டார்பிடோக் குழாய்கள் ஆறையும் அகற்றலாமா என்பது கடைசி முடிவு. க்ளீவ்லாண்டில் அவை இல்லை. எடையும் மிச்சமாகும், மேல்தளத்தில் வெடிக்கும் பொருளும் குறையும். பசிபிக்கில் விமானந்தாங்கிகளோடு செல்லும் கப்பல் என்றால் அகற்றிவிடலாம். மத்தியதரைக் கடலிலும் வட கடலிலும் தன்னைவிடப் பெரிய எதிரியைத் தனியாகச் சந்திக்க வேண்டிவரும் கப்பலுக்கு அவற்றை வைத்திருப்பேன். ஒரு கோபுரத்தை இழந்த பிறகு எதிரியைத் தள்ளி நிறுத்த அதனிடம் மிஞ்சியிருக்கும் ஒரே மிரட்டல் அதுதான்.